பழைய டிவி கேசட்டில் நிழல் விழுகிறது, அசைந்தால் பல் பல்லாகத் தெரிகிறது: எல்லாம் ஒரே கோளாறா?

புளியரைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் இருக்கிறேன். அப்பா 1980களின் கடைசியிலிருந்து வீட்டு டெக்கில் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்த விஎச்எஸ் கேசட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பிய ஆன்டெனாவில் வந்த தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள், பிற்பாடு உள்ளூர் கேபிளில் ஓடிய கோயில் திருவிழாக்கள், உறவினர் வீட்டு விசேஷங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. பூஞ்சை பிடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறேன். டெக் நன்றாக ஓடுகிறது, கேப்சர் டப்பாவும் வாங்கியாகிவிட்டது. படத்தில் தெரிகிற சில விஷயங்கள்தான் புரியவில்லை.

தூர்தர்ஷன் பதிவுகளில் எல்லா உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னொரு உருவம் நிற்கிறது. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அது இருக்கிறது, எழுத்துக்கும் இருக்கிறது. 720 புள்ளி அகலப் படத்தில் அளந்து பார்த்தால் சுமார் 40 புள்ளி தள்ளி விழுகிறது.

திருவிழாப் பதிவில் இந்த நிழல் கிடையாது. ஆனால் செண்டை அடிப்பவர் கோலை இறக்கும்போது படத்தை நிறுத்தினால், கோல் இரண்டாகப் பிரிந்து ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கிறது. இதே கேசட்டைப் பழைய டப்பா டிவியில் போட்டால் ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கல்யாண கேசட். இங்கே ஓடாது என்று ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியது. அதில் பல்லும் இருக்கிறது, அதோடு ஆட்கள் நடந்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற இரட்டை உருவமும் இருக்கிறது. இடையிடையே ஒரு படம் மட்டும் சுத்தமாக வருகிறது.

இவையெல்லாம் ஒரே கோளாறா? ஒரே ஃபில்டரில் சரியாகுமா?

நகரி வாசி

புளியரை நண்பரே, அதிகம் யோசிக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளில், பல்லை நீக்கும் யாடிஃப் (yadif) ஃபில்டரைப் போட்டு எம்பி4 ஆக்கிவிடுங்கள், பல் போய்விடும். நகரிப் பக்கம் தெலுங்கு, தமிழ் இரண்டு சேனல் பதிவுகளையும் நான் அப்படித்தான் மாற்றினேன். நிழலுக்கு மருந்து இல்லை என்று நினைக்கிறேன், ஆன்டெனா கோளாறு.

கொழிஞ்சாம்பாறை

நகரி நண்பர் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. தம்பி, எந்த ஃபில்டரையும் தொடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு காரணங்களால் வருபவை, ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் படம் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். உங்கள் அப்பா சேர்த்ததைக் கெடுக்காமல் எடுக்க வேண்டும் என்பதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

முதலில் பல். நம் நாட்டில் இருந்த பால் (PAL) என்ற டிவி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடு, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. விநாடிக்கு 25 படம். ஆனால் அந்த 25 படமும் முழுசாக வரவில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று பாதிப் பாதியாக விநாடிக்கு 50 முறை வந்தன. அந்தப் பாதிக்குப் பெயர்தான் ஃபீல்டு. விநாடிக்கு 25 முறை மட்டும் ஒளிர்ந்தால் குழாய் டிவி கண்ணைக் குத்துகிற அளவுக்குச் சிமிட்டும், 50 முழுப் படம் அனுப்பலாம் என்றால் சேனலுக்கு இரண்டு பங்கு அலைவரிசை வேண்டும். இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழி இது, நல்ல வழியும்கூட.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், கேமரா அந்த இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவே விநாடியில் 50ல் ஒரு பங்கு போய்விடுகிறது. அதற்குள் செண்டைக் கோல் இறங்கி வேறு இடத்துக்குப் போயிருக்கும். டப்பா டிவி ஒவ்வொரு பாதியையும் அதனதன் நேரத்தில் வரைந்து காட்டியது, அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் இரண்டு பாதியையும் பின்னி ஒரே படமாக நிறுத்துகிறது, அசையாத இடம் சரியாகப் பொருந்தும், அசைந்த இடம் பல்லாகும். ஆகவே அந்தப் பல் கோளாறே இல்லை. உங்கள் கேப்சர் ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். விஎச்எஸ் டேப்பிலேயே ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனிச் சாய்கோடாகத்தான் பதிந்திருக்கிறது: டேப்பைப் படிக்கும் ஹெட்கள் பொருத்திய டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று, ஒரு சுற்றில் இரண்டு ஹெட்டும் ஆளுக்கொரு ஃபீல்டு.

இப்போது யாடிஃப். அதை 25 படம் வரும் வகையில் ஓட்டினால் ஒவ்வொரு படத்திலும் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு மற்றதை ஊகித்து நிரப்பிவிடும். பல் போகும், கூடவே அசைவில் பாதியும் போகும். செய்தி வாசிப்புக்குப் பெரிதாகத் தெரியாது. செண்டை மேளம், கபடி, கிரிக்கெட் இதற்கெல்லாம் அது பெரிய நஷ்டம். ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் படமாக விரித்து விநாடிக்கு 50 படமாக எடுங்கள். யாடிஃபிலும் அதற்கு வழி இருக்கிறது, பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் அதைவிட மேல், ஏவிசிந்த் (AviSynth) என்ற வீடியோ மென்பொருளில் கியூடிஜிஎம்சி (QTGMC) எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்யும், ஆனால் நேரம் தின்னும்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படிப் பாதிப் பாதியாக வருவதை இன்டர்லேஸ் என்பார்கள், அதன் பல்லை நீக்குவது டீஇன்டர்லேஸ். சில பிளேயர்களில் 'பிளெண்டு' என்று ஒரு டீஇன்டர்லேஸ் வகை உண்டு, இரண்டு ஃபீல்டையும் கலந்து சராசரி எடுத்துவிடும். பல் இருந்த இடத்தில் ஊடுருவும் இரட்டை உருவம் வரும். விஎல்சி (VLC) பிளேயரில் அது ஓடிக்கொண்டிருந்தால் ஃபைலில் இல்லாத நிழலை நீங்கள் திரையில் பார்ப்பீர்கள். ஆகவே டீஇன்டர்லேஸை முழுசாக அணைத்துவிட்டு, ஆங்கில ஈ விசையை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். தூர்தர்ஷன், திருவிழா, கல்யாணம் மூன்றிலும் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். தூர்தர்ஷன் பதிவில் சினிமாப் பாட்டு இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

களியக்காவிளை கேபிள்

ஆன்டெனா நிழலைப் பற்றி நான் சொல்கிறேன், அந்தக் காலத்தில் ஆன்டெனா கட்டி, அப்புறம் கேபிள் இழுத்து, இதிலேயே கிடந்தவன்.

நீங்கள் மலை அடிவாரத்தில் இருக்கிறீர்கள். டவரிலிருந்து நேராக வரும் அலை ஒன்று, உங்களைத் தாண்டிப் போய் மலையில் பட்டுத் திரும்பி வரும் அலை ஒன்று. பாறைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வருவது போலத்தான் இதுவும். திரும்பி வருவது தாமதமாக வரும். டிவியில் ஒரு கோடு இடமிருந்து வலமாக வரையப்படுகிறது, அதனால் தாமதமான படம் வலப்பக்கம் தள்ளி விழும்.

உங்கள் 40 புள்ளியை வைத்துத் தூரமே கணக்குப் போடலாம். டிஜிட்டலாக மாற்றும்போது மைக்ரோ விநாடிக்கு 13.5 புள்ளி எடுக்கிறார்கள். 40 புள்ளி என்றால் ஏறக்குறைய 3 மைக்ரோ விநாடி. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். அப்படியானால் திரும்பி வந்த அலை சுமார் 900 மீட்டர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. உங்கள் ஆன்டெனாவுக்கு நேர் பின்னால் ஒரு பாறை இருந்தால் போக 450, வர 450. பக்கவாட்டில் இருந்தால் இன்னும் தள்ளி இருக்கும். வீட்டு மாடியில் ஏறி கொடைக்கானல் திசைக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், ஆளை அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

அந்தக் காலத்தில் இதைச் சரிசெய்ய எல்லோரும் பூஸ்டர் வாங்கினார்கள். பூஸ்டர் இரண்டு அலையையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், நிழலும் பளிச்சென்று ஆகும், அவ்வளவுதான். ஆன்டெனாவில் குறுக்குக் கம்பிகளைக் கூட்டி, பின்பக்கம் வாங்காதபடி செய்து, சில சமயம் நிலையத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் திருப்பிக் கட்டினால் நிழல் குறையும். களியக்காவிளையில் சில வீடுகளில் திருவனந்தபுரம் சிக்னல் போதும் போதும் என்ற அளவுக்கு வரும், அங்கேயும் நிழல் வரும். சிக்னல் பலத்துக்கும் நிழலுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று, அந்தக் காலக் கேபிளில் நிழல் இடப்பக்கமும் விழும், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கேபிளில் சுற்றி வரும் படத்துக்கு முன்னால், அதே சேனல் நேரடியாகக் காற்றில் வந்து டிவிக்குள் நுழைந்துவிடும். முன்னால் வந்தது இடப்பக்கம். டவருக்குப் பக்கத்து ஊர்களில் இந்தப் புகார் நிறைய வரும், இணைப்பு வயர் ஓட்டையாக இருந்தால் உறுதியாக வரும். வயரை மாற்ற வேண்டும், அல்லது சேனலை வேறு எண்ணுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பெட்டியில் கேபிள் பதிவுகளும் இருப்பதால் சொல்கிறேன், நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே அது ஆன்டெனாவில் வந்ததா, கேபிளில் வந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சில நேரம் நிழல் கறுப்பு வெள்ளை தலைகீழாக வரும், நெகட்டிவ் போல. திரும்பி வரும் அலை எதிர்த்த நிலையில் வந்து சேர்ந்தால் அப்படி. அதுவும் இதே குடும்பம்தான்.

புளியரைக்காரன்

அண்ணாச்சி, மாடிக்குப் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்ன திசையில் பாறை முகடு ஒன்று இருக்கிறது! அந்த நிழலை இத்தனை வருஷமாகக் கேசட் பழசானதால் வந்தது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னபடி டீஇன்டர்லேஸை அணைத்துவிட்டுப் பார்த்ததில்:

தூர்தர்ஷன் செய்தியில் வலப்பக்க நிழல் அப்படியே, கை அசைந்தால் பல்லும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பேசும் இடத்தில் பல் இருக்கிறது, பாட்டு ஆரம்பித்ததும் சில பாட்டுகளில் பல்லே இல்லை. சில பாட்டுகளில் மட்டும் அசையும் ஒவ்வொரு படத்திலும் பல். இது ஏன்?

திருவிழாவில் பல் மட்டும். கல்யாணத்தில் விஎல்சியின் டீஇன்டர்லேஸை அணைத்த பிறகும் ஊடுருவும் இரட்டை உருவம் போகவில்லை. நகர்த்திப் பார்த்தால் பல்லும் நிழலும் கலந்து வருகின்றன.

கொழிஞ்சாம்பாறை

பாட்டைத் தனியாகப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். அறிவிப்பாளரை எடுத்தது ஸ்டுடியோ வீடியோ கேமரா, அது 50 ஃபீல்டு. பாட்டு ஃபிலிமில் இருக்கிறது, விநாடிக்கு 24 படம். நம் பக்கம் அதை 25 ஆக வேகம் கூட்டி ஓட்டிவிடுவார்கள், ஒவ்வொரு ஃபிலிம் படமும் இரண்டு ஃபீல்டாகப் போகும். (4 நிமிடம் 10 விநாடிப் பாட்டு டிவியில் சரியாக 4 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் கொஞ்சம் ஏறும். கேசட்டில் கேட்ட பாட்டு டிவியில் வேறு மாதிரி இருந்தது என்று சொல்கிறவர்களுக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது.) இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிலிம் படத்திலிருந்து வந்தவை என்பதால் பின்னினால் பல் வராது. முழுப் படம் கிடைக்கும்.

பல் வருகிற பாட்டுகளில் என்ன நடந்தது என்றால், ஜோடி ஒரு ஃபீல்டு தள்ளிப்போயிருக்கிறது. இந்தப் படத்தின் ஒரு ஃபீல்டும் அடுத்த படத்தின் மறு ஃபீல்டும் சேர்ந்து ஒரு ஃபிரேமாகிவிட்டன. பார்த்தால் இன்டர்லேஸ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே முழுப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இதற்குப் போய் யாடிஃப் போட்டால் கையில் இருக்கிற 576 கோட்டுப் படத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாதியை ஊகித்து நிரப்புவதாகும், இதைத்தான் மேலே நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏவிசிந்தில் டிஎஃப்எம் (TFM) என்ற ஃபீல்டு பொருத்தும் ஃபில்டர் இருக்கிறது, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதன் சரியான ஜோடியைத் தேடிச் சேர்க்கும். ஒரு துளிகூட இழப்பில்லாமல் பல் மறையும். நிகழ்ச்சியை வெட்டி, பாட்டுக்கு அது, அறிவிப்பாளருக்கு 50 படம் என்று தனித்தனியாகச் செய்யுங்கள். வேலைதான், ஆனால் செய்யத் தகுந்த வேலை.

ஃபீல்டு வரிசையையும், அதாவது ஒற்றைப்படைக் கோடுகள் கொண்ட மேல் ஃபீல்டு முதலா, இரட்டைப்படைக் கோடுகள் கொண்ட கீழ் ஃபீல்டு முதலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் இருந்த டிஜிட்டல் கேம்கார்டர் டேப் வகை, அதாவது ஆங்கிலத்தில் DV என்று இரண்டெழுத்தில் எழுதும் அந்த ஃபார்மட், கீழ் ஃபீல்டை முதலில் வைக்கும். கேப்சர் டப்பாக்களும் டிவிடிகளும் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். வரிசையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் 50 படமாக விரித்ததும் நடக்கிற ஆள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நடுங்குவார். கண்ணில் உடனே தெரிந்துவிடும்.

கல்யாண கேசட் விஷயம் வேறு, அதில் கொஞ்சம் வருத்தமான பதில்தான். அமெரிக்காவில் இருந்த டிவி முறை என்டிஎஸ்சி (NTSC), 525 கோடு, விநாடிக்கு 59.94 ஃபீல்டு. அதை நம் 50 ஃபீல்டாக மாற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 6 ஃபீல்டு வருகிற நேரத்தில் 5 கொடுக்க வேண்டும். எளிய மாற்றும் கருவிகள் பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்து அந்த 5ஐச் செய்யும். ஐந்தில் ஒன்று மட்டும் நேரம் பொருந்திக் கலப்பில்லாமல் வரும், மற்ற நான்கும் இரண்டு நேரத்தின் கலவை. நீங்கள் இடையிடையே பார்த்த சுத்தமான படம் அதுதான்.

எஸ்ரீஸ்டோர் (SRestore) என்று ஒரு ஃபில்டர் உண்டு, முதலில் 50 ஆக விரித்து, பிறகு கலந்த படங்களைத் தள்ளிச் சுத்தமானவற்றைப் பொறுக்கி எடுக்கும். மூலம் சினிமா ஃபிலிமாக இருந்தால் அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரே ஃபிலிம் படம் என்டிஎஸ்சியில் இரண்டு, மூன்று ஃபீல்டாக வந்திருக்கும், சுத்தமான நகல் ஒன்றாவது மிஞ்சும். கல்யாணத்தை எடுத்தது கேம்கார்டர். ஒவ்வொரு ஃபீல்டும் தனி நேரம், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஆகவே மாற்றிய கேசட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். அமெரிக்க மூல கேசட் கடையில் திருப்பி வாங்கினீர்களா, வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் என்டிஎஸ்சி ஓட்டும் டெக் ஒன்று பிடித்து, 720க்கு 480 அளவில் நேரடியாக எடுங்கள். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த, பால், என்டிஎஸ்சி இரண்டையும் ஓட்டும் மல்டிசிஸ்டம் டெக்குகள் கேரளா முழுக்க வீடுகளில் தூங்குகின்றன, எங்கள் பாலக்காட்டுப் பக்கமும் கேட்டால் கிடைக்கும். ஒன்று கவனம், சில டெக் என்டிஎஸ்சி கேசட்டை ஓட்டும்போது பால் வண்ணத்தில் 60 ஃபீல்டாக வெளியே விடும், உங்கள் டப்பா அதை ஏற்காவிட்டால் கறுப்பு வெள்ளையாக வரும். அசல் என்டிஎஸ்சியாகவே வெளியே தருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

நகரி வாசி

பாட்டுக்குத் தனி வழி இருப்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ஒரு கேள்வி. கடைகளில் மாற்றித் தருகிற ஃபைல்கள் 640க்கு 480 என்று சிறிதாக வருகின்றன. அதில் யாடிஃப் போட்டாலும் கோடு கோடாகவே இருக்கிறதே?

கொழிஞ்சாம்பாறை

பல்லை எடுக்காமலே உயரத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். 576 கோட்டை 480 ஆக்கும்போது ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும், அதன் பிறகு எந்த ஃபில்டராலும் ஃபீல்டைப் பிரித்தெடுக்க முடியாது. அதற்கு மறுபடி கேசட்டிலிருந்து எடுப்பது ஒன்றுதான் வழி. அதனால்தான் மூலக் கேப்சரை 720க்கு 576ல் பல்லோடு அப்படியே வைக்க வேண்டும் என்று தலைகீழாக நின்று சொல்கிறேன். சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரம் சுமார் 75 ஜிபி ஆகும், எஃப்எஃப்வி1 (FFV1) மாதிரி இழப்பில்லாமல் சுருக்கும் முறையில் அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கலாம். ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம், கேசட்டுக்கு இன்னொரு ஆயுள் வாங்க முடியாது.

வீட்டாருக்கு யூடியூபில் போட்டுக் காட்டுவதற்கு 50 படமாக விரித்ததை 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கிப் போடுங்கள். 720 உயரத்துக்குக் கீழே யூடியூப் 50 படத்தைப் பாதியாக்கிவிடும், மேளம் மறுபடி தத்தித் தத்தி ஓடும்.

களியக்காவிளை கேபிள்

ஆன்டெனா நிழலை எடுக்க முடியுமா என்று முதல் கேள்வி அப்படியே நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோட்பாட்டில் முடியும். நிழல் எவ்வளவு தள்ளி, எவ்வளவு பலத்தில் என்று தெரிந்தால் படத்தை அதே அளவு தள்ளி மங்கலாக்கிக் கழித்துவிடலாம். எல்கோஸ்ட் (LGhost) என்ற ஏவிசிந்த் ஃபில்டர் இதைத்தான் செய்கிறது. விஎச்எஸ்ஸில் கோட்டுக்குக் கோடு நடுக்கம் இருப்பதாலும், மலையில் ஒரே இடத்திலிருந்து மட்டும் அலை திரும்பாததாலும் முழுசாகப் போகாது. மதிப்பைக் கொஞ்சமாக வைத்து, வெள்ளை எழுத்து கறுப்புப் பின்னணியில் வருகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள், எழுத்தின் வலப்பக்கம் பின்னணியைவிட இருண்ட பள்ளம் விழ ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது. அதுவும் பார்க்கிற பிரதிக்கு மட்டும், மூல ஃபைலில் கை வைக்க வேண்டாம்.

புளியரைக்காரன்

டிஎஃப்எம் போட்டுப் பார்த்தேன், பாட்டில் பல் ஒன்றுகூட இல்லை, சேலைக் கரையின் சரிகை வரைக்கும் தெரிகிறது. வலப்பக்க நிழலை எல்கோஸ்ட்டில் பாதியாகக் குறைத்தது அம்மாவுக்குப் போதும் என்றார்கள். கல்யாண மூலக் கேசட் சித்தி வீட்டு அலமாரியில் இருப்பதாகத் தகவல். புனலூரில் ஒருவரிடம் மல்டிசிஸ்டம் டெக் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு வழியாகப் போய்ப் பார்க்கிறேன். என்டிஎஸ்சியாகவே வெளியே விடுகிறதா என்று அங்கேயே எப்படிச் சோதிப்பது அண்ணா?

கொழிஞ்சாம்பாறை

லேப்டாப்பையும் கேப்சர் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். டப்பாவின் மென்பொருளில் என்டிஎஸ்சி எம் என்று வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், வண்ணம் சரியாக வந்து படம் உருளாமல் நின்றால் சரி. டெக்கின் பின்பக்கமோ முன்பக்கமோ வெளியீட்டு முறைக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கலாம், வண்ணம் வராவிட்டால் அதை மாற்றிப் பாருங்கள். சித்தி வீட்டுக் கேசட்டை முதலிலேயே போட்டுவிட வேண்டாம், பூஞ்சை இருந்தால் ஹெட்டும் போய்விடும், வேறு ஏதாவது என்டிஎஸ்சி கேசட் அவரிடமே இருக்கும், அதில் சோதியுங்கள்.